முகமூடி மனிதர்கள் – 7: கள்ளனுக்குக் கிடைத்த பதக்கம்

சென்ற வாரம் 'ராஜகுமாரி'யையும் 'மர்மயோகி'யையும் பார்த்தோம். 1947 ஏப்ரலில் ஒன்று, 1951-இல் மற்றொன்று. இரண்டுமே ஜூபிடர் பிக்சர்ஸ் கோவையில் எடுத்த படங்கள். இரண்டிலும் நாயகன் எம்.ஜி.ராமச்சந்திரன். கொடுங்கோல் வீழ்ந்து, உரியவர் கைக்கு அரியணை வந்து சேர்ந்தால் கதை முடிந்தது. மக்களும் நிறைவோடு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு காலத்து மக்கள் நியாயம் கேட்டு யாரை நம்பினார்கள் என்பதை, அந்தக் காலத்துச் சாகச நாயகனைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். இந்தத் தொடரில் நாம் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான்.

1950 ஜனவரியில் இந்தியா குடியரசானது. 1951-52-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. இனி அரசன் இல்லை. ஆள்பவரை அனுப்பியதே நாம்தான். அப்படியானால் அநியாயம் நடக்கும்போது நாயகன் யாரோடு சண்டை போடுவான்?

அரண்மனைக் கதைகளில் இதற்குப் பதில் இல்லை. 1954-இல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஒரு பதிலைச் சொன்னது. அந்தப் பதில் மலையிலிருந்து இறங்கி வந்தது.

*

சிறை கண்ட இருவர்

பட்சிராஜா ஸ்டூடியோவின் அதிபர் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு. தயாரிப்பாளரும் அவரே, இயக்குநரும் அவரே. 'ஆர்யமாலா', 'சிவகவி', 'ஜகதலப்பிரதாபன்' என்று 1940-களில் புராணமும் மாயாஜாலமும் கொடுத்து வெற்றி கண்டவர். காலம் மாறுவது அவருக்குத் தெரிந்திருந்தது. 1950-இல் விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ல்' நாவலை 'ஏழை படும் பாடு' என்ற படமாகத் தயாரித்தார். ரொட்டி திருடிச் சிறை போனவன்தான் அதில் நாயகன். அவனை விடாமல் துரத்தும் போலீசு அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்ற பாத்திரப் பெயரே ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது.

திருடனைப் பார்த்துக் கண்ணீர் விட மக்கள் தயார் என்பது அந்தப் படத்தோடு நாயுடுவுக்குத் தெரிந்துவிட்டது. திருடனைப் பார்த்துக் கைதட்டவும் தயாரா?

அவர் எடுத்துக்கொண்ட கதை 'மலைக்கள்ளன்'. எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை. காவிரிக்கரை மோகனூர்க்காரர், பழுத்த காந்தியவாதி. 1930-இல் உப்புச் சத்தியாகிரகிகள் வேதாரண்யத்துக்கு நடந்தபோது பாடிச்சென்ற வழிநடைப் பாட்டு அவருடையது. சட்டமறுப்புக் காலத்தில் சிறைக்குப் போனார். விடுதலைக்குப் பிறகு, 1949-இல், சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனார்.

வசனம் மு.கருணாநிதி. அப்போது வயது முப்பது. 1953 ஜூலையில் கல்லக்குடியில் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்துச் சிறை சென்று மீண்டவர்.

இந்தச் சேர்க்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒருவர் வெள்ளையர் அரசில் சிறை சென்ற காங்கிரசுக்காரர். மற்றவர் சுதந்திர இந்தியாவில் சிறை சென்ற தி.மு.க.காரர். இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்து அரசியல் பேசுவது அன்று நடக்காத காரியம். ஆனால் ஒரே கள்ளனைப் பற்றிய படத்தில் இருவர் பெயரும் அடுத்தடுத்து வந்தன.

சட்டமும் நியாயமும் ஒன்றுதான் என்று இருவராலும் சொல்லியிருக்க முடியாது. சட்டத்தை மீறித்தான் நியாயத்தைக் கேட்க முடியும் என்று உடம்பால் கற்றவர்கள் அவர்கள். அந்த அனுபவம் கதைக்கு முதுகெலும்பானது.

*

யார் திருடன்?

கதை விஜயபுரி என்ற ஊரில் நடக்கிறது. அங்கே அரண்மனை கிடையாது. போலீசு உண்டு. கொள்ளை அடிக்கடி நடக்கிறது, பழியெல்லாம் மலைக்கள்ளன் என்பவன் மேல் விழுகிறது. பெரிய வீட்டுப் பெண் பூங்கோதை கடத்தப்படுகிறாள். பூங்கோதையாக நடித்தவர் பி.பானுமதி. அவளை மீட்பவன் மலைக்கள்ளன். கடத்தலுக்குப் பின்னால் இருப்பவனோ ஊரில் செல்வாக்கோடு உலவும் வீரராஜன்.

ஊர் மதிக்கும் பெரிய மனிதன் திருடனாக இருக்கிறான். திருடன் என்று பேர் வாங்கியவன் யோக்கியனாக இருக்கிறான். 1954-இல் இதைப் பார்த்த எவருக்கும் விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்த உணவுப் பங்கீடு 1952-இல்தான் சென்னை மாகாணத்தில் நீங்கியது. பங்கீடு இருந்த காலமெல்லாம் கள்ளச்சந்தையும் இருந்தது. அரிசியைப் பதுக்கியவர் ராத்திரி கன்னம் வைக்கிற ஆள் இல்லை. பகலில் மாலை மரியாதையோடு நடந்தவர். அவரை எல்லோருக்கும் தெரியும், யாரும் தொட முடியவில்லை.

இன்னொன்றும் நடந்திருந்தது. பிறந்த சாதியை வைத்தே ஒருவரைக் குற்றவாளி என்று பதிந்து, ரேகை வைக்கச் சொல்லி, ராத்திரி ஊரை விட்டு வெளியேறவிடாமல் அடைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீங்கியது. நாடு முழுவதும் 1952-இல் நீங்கியது. அரசாங்கம் 'திருடன்' என்று எழுதி வைத்ததெல்லாம் உண்மையில்லை என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட காலம் அது.

அந்த மண்ணில்தான் மலைக்கள்ளன் நாயகனாக முளைத்தான்.

*

அப்துல் ரஹீம்

படத்தின் மிகத் துணிச்சலான முடிவு சண்டைக் காட்சிகளில் இல்லை, வேடத்தில் இருக்கிறது.

சூப்பர் ஹீரோ என்றாலே இரட்டை வாழ்க்கை. 1919-இல் ஜான்ஸ்டன் மெக்கலி உருவாக்கிய சோரோ பகலில் சோம்பேறிச் சீமான், இரவில் முகமூடி வீரன். 1938-இல் வந்த சூப்பர்மேன் பகலில் கூச்ச சுபாவமுள்ள பத்திரிகை நிருபர். ஊர் சந்தேகிக்காத ஒரு முகம் வேண்டும் என்பதால் இந்த வேடங்கள்.

மலைக்கள்ளனின் பகல் முகம் அப்துல் ரஹீம் என்ற செல்வந்த வணிகர். ஊரார் அன்பைச் சம்பாதித்த முஸ்லிம் பெரியவர். போலீசு மலையைச் சலிக்கிறது. தேடப்படுபவனோ ஊருக்குள் மரியாதையோடு நடமாடுகிறான்.

பிரிவினை நடந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. வடக்கே ரயில்களில் பிணம் வந்த நினைவு ஆறவில்லை. அந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் படம், ஊர் முழுக்க நம்பும் நல்ல மனிதனுக்கு ஒரு முகம் தேடி, முஸ்லிம் வணிகரின் முகத்தைத் தேர்ந்தெடுத்தது. கொங்கு நாட்டுச் சந்தையில் மாமன் மச்சான் முறை வைத்து ராவுத்தர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்தவர்களுக்கு அது இயல்பாகவே பட்டிருக்கும். அந்த இயல்பை மதிப்பாகக் கருதி நாம் குறித்து வைக்க வேண்டும். ஒரு சமூகம் தன் மீட்பனுக்கு என்ன முகம் கொடுக்கத் தயங்கவில்லை என்பதில் அதன் மனம் தெரிகிறது.

*

குதிரை மேல் ஓர் அரசாங்கம்

இப்போது அந்தக் காட்சிக்கு வருவோம்.

மலைக்கள்ளன் குதிரையில் வருகிறான். பாடிக்கொண்டே வருகிறான். குரல் டி.எம்.சௌந்தரராஜனுடையது. மலைக்கள்ளனாக நடித்த எம்.ஜி.ஆருக்கு அவர் பாடிய முதல் பாட்டு இதுதான். இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. குளம்படித் தாளத்தில் நடக்கிறது பாட்டு. ஏமாற்றுக்காரர்களைக் கேள்வி கேட்டுத் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டு என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். பழிவாங்குவேன் என்று சொல்லவில்லை. தலைகளைக் கொய்வேன் என்று சொல்லவில்லை. தெருத்தெருவாகப் பள்ளிக்கூடம், எழுத்தறியாதவர் இல்லாத ஊர், கைக்கொரு தொழில், கஞ்சிக்கில்லாத நிலைக்கு முடிவு, ஆளுக்கொரு வீடு. வரிசையாக வாக்குறுதிகள்.

ஒரு திருடன் தேர்தல் அறிக்கை வாசிக்கிறான்.

அவன் மலை மேல் ஒளிந்திருக்கும் இடமும் அப்படித்தான். குகையில் பொன்னைக் குவித்துவைத்து மயங்கிக் கிடக்கிறவனில்லை. தன்னைச் சேர்ந்தவர்களை ஒழுங்கோடும் பரிவோடும் நடத்தும் தலைவனாக அவனைப் பூங்கோதை அங்கே காண்கிறாள். அவள் மனம் மாறுவதும் அதைப் பார்த்துத்தான். ஒளிவிடம் என்று நாம் நினைத்தது ஒரு குட்டி அரசாங்கம்.

இதுதான் திருப்புமுனை. 'மர்மயோகி' வரை நாயகன் கெட்ட அரசை வீழ்த்தினான். 'மலைக்கள்ளன்' நல்ல அரசு செய்ய வேண்டிய வேலையைச் செய்து காட்டினான். எதிர்ப்பவன் என்ற நிலையிலிருந்து நடத்துபவன் என்ற நிலைக்கு நாயகன் நகர்ந்தது இந்தப் படத்தில்.

படம் வெளிவந்தது 1954 ஜூலை 22. அதற்கு மூன்று மாதம் முன்புதான் ராஜாஜி விலகி, காமராசர் முதலமைச்சராகியிருந்தார். குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து மாகாணமே கொதித்துப்போயிருந்தது. பள்ளிக்கூடம் யாருக்கு என்பதுதான் அன்றைய பெரிய சண்டை. அடுத்த சில ஆண்டுகளில் காமராசர் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், மதிய உணவு போட்டார். கள்ளன் பாடியதை அரசு செய்யத் தொடங்கியது. அதற்காகப் படம்தான் அரசை நடத்தியது என்று சொல்லிவிட முடியாது. மக்கள் மனத்தில் எது முதல் தேவையாக இருந்ததோ அது திரைக்கும் கோட்டைக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம்.

இந்தத் தேவைகளின் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறியதையும் பின்னால் விரிவாகப் பார்க்கப்போகிறோம். 1993-இன் 'ஜென்டில்மேன்' பகலில் அப்பளம் விற்று, இரவில் கொள்ளையடித்தான், இலவசக் கல்லூரி கட்டுவதற்காக. கஞ்சிக் கவலை போய், கல்லூரி சீட்டுக் கவலை வந்திருந்தது. 2005-இன் 'அந்நியன்' மட்டமான பிரேக் கம்பி செய்தவரையும், ரயிலில் கெட்ட சாப்பாடு போட்ட ஒப்பந்தக்காரரையும் தண்டித்தான். மலைக்கள்ளன் பசித்தவருக்குச் சோறு தேடினான். அந்நியன் தரக்குறைவுக்கு மரண தண்டனை கொடுத்தான். ஐம்பது ஆண்டுகளில் நம் மனத்தில் கருணை ஏறியதா, கோபம் ஏறியதா என்பதை இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

*

தாராபுரத்துக் கண்கள்

இந்தப் படத்தைக் கொங்கு நாட்டுத் தாராபுரத்தில் நின்று பார்ப்பது எப்படி இருந்திருக்கும்?

தாராபுரம் கச்சேரி கண்ட ஊர். திப்பு வீழ்ந்து கொங்கு நாடு கும்பெனி கைக்குப் போனபோது, பவானியில் ஒரு கலெக்டர், தாராபுரத்தில் ஒரு கலெக்டர் இருந்தார்கள். 1804-இல்தான் இரண்டும் சேர்ந்து கோயமுத்தூர் ஜில்லாவானது. தாசில்தார், கிஸ்தி, கோர்ட்டு, வாய்தா எல்லாம் அமராவதிக் கரைக்குப் பல தலைமுறைப் பழக்கம். கச்சேரிக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கு, நியாயம் எவ்வளவு மெதுவாக வரும் என்பது தெரியும்.

வடக்கே காங்கேயம் பக்கத்தில் இன்னொரு நினைவும் உயிரோடு இருந்தது. மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழியில் மறித்துப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்தார் தீரன் சின்னமலை என்று கொங்கில் வழிவழியாகக் கதை சொல்வார்கள். 1805-இல் சங்ககிரியில் கும்பெனியார் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கும் முந்தைய பொன்னர்-சங்கர் கதையை உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடிய பூமி இது. எடுத்தவன் எதற்காக எடுத்தான், யாருக்குக் கொடுத்தான் என்று கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வது இங்கே பழைய வழக்கம்.

அன்று சிற்றூர்களுக்குப் படம் வந்தது டூரிங் டாக்கீஸ் வழியாக. அறுவடை முடிந்த வயலோரத்தில் கொட்டகை. நடுவில் தடுப்பு. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். முன்னால் தரை டிக்கெட், பின்னால் பெஞ்சு. தரையில் உட்கார்ந்தவர்கள் மணலைக் குவித்து மேடு கட்டிக்கொள்வார்கள். புரொஜெக்டர் ஒன்றுதான் என்பதால் ரீல் முடிந்ததும் விளக்கு எரியும். அடுத்த ரீல் மாட்டும்வரை முறுக்கு, சோடா, பேச்சு.

அந்தப் பேச்சை நாம் சாதாரணமாக விட்டுவிடக்கூடாது. மலைக்கள்ளன் செய்தது சரியா, அப்துல் ரஹீம் உண்மையில் யார், போலீசு பிடித்துவிடுமா என்று ஒரு படத்துக்குள் பலமுறை ஊர்ச்சாவடி கூடியது. நாயகனைப் பற்றித் தீர்ப்பு வழங்கும் உரிமை, அந்த விளக்கு வெளிச்சத்தில், தரை டிக்கெட்டுக்காரனுக்கும் கிடைத்தது.

அந்த 1954-இல், தாராபுரத்தில் பிறந்த ஓர் இளைஞருக்கு இருபது வயது. பதினோரு ஆண்டு கழித்து 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் வீர நாயகன் பக்கத்தில் அவர் நிற்பார். பெயர் நாகேஷ். வீரன் பக்கத்தில் நமக்கு ஏன் அப்படி ஒரு தோழன் தேவைப்பட்டான் என்பதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

*

அதே ஆண்டில், நியூயார்க்கில்

1954 ஏப்ரலில் நியூயார்க்கில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று கூடியது. விசாரணைக்கு வந்தது காமிக்ஸ் புத்தகங்கள். பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குவது இவைதான் என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் அதே ஆண்டு ஒரு புத்தகமே எழுதினார். சூப்பர்மேனும் பேட்மேனும் அவர் குற்றப்பட்டியலில் இருந்தார்கள்.

1938-இல் பிறந்தபோது சூப்பர்மேன் அப்படியொன்றும் அடக்கமான பிள்ளை கிடையாது. ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு யூத இளைஞர்கள் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் உருவாக்கியவன் அவன். முதல் இதழ்களில் மனைவியை அடிக்கும் கணவனை மிரட்டினான். செனட்டரை விலைபேசிய தரகரைக் கலங்கடித்தான். தொழிலாளர் உயிரை மதிக்காத சுரங்க முதலாளிக்குப் பாடம் கற்பித்தான். வேலையில்லாதவன் பக்கம் நின்றவன் அவன்.

போர் முடிந்து, செல்வம் பெருகி, கம்யூனிச பயம் பிடித்த அமெரிக்காவில் அவன் போலீசின் உற்ற நண்பனாகிவிட்டான். 1954 அக்டோபரில் பதிப்பாளர்களே ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டார்கள். குற்றவாளி மேல் இரக்கம் வரும்படி கதை எழுதக்கூடாது. போலீசையும் நீதிபதியையும் மரியாதைக் குறைவாகக் காட்டக்கூடாது.

அந்த விதியை நம் ஊரில் வைத்திருந்தால் 'மலைக்கள்ளன்' தலைப்பிலேயே மாட்டியிருப்பான்.

இங்கே நடந்ததோ நேர்மாறு. 1954-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில், சிறந்த தமிழ்ப் படத்துக்கான ஜனாதிபதி வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ளனு'க்குக் கிடைத்தது. அந்தப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுவே. ஒரு குடியரசு, சட்டத்துக்கு வெளியே நின்றவனைக் கூப்பிட்டுக் கௌரவித்தது.

அது எப்படிச் சாத்தியமானது? காந்தியவாதி எழுதிய கதை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். படத்தின் முடிவு அதைவிடப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மலைக்கள்ளனும் அப்துல் ரஹீமும் ஒருவரே என்று தெரிகிறது. அவன் சிறுவயதில் காணாமல்போன குமாரவீரன், பூங்கோதைக்கு முறையானவன் என்பதும் தெரிகிறது. கள்ளன் என்று எவனும் இல்லை. வழி தவறிய பெரிய வீட்டுப் பிள்ளை வீடு திரும்பினான்.

1954 எட்டிய எல்லை அதுதான். கள்ளனை நேசிக்கலாம், ஆனால் அவன் நல்ல குலத்தில் பிறந்தவனாக இருந்தாக வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்து கிழித்த சமூகத்தால், மலையிலேயே பிறந்த ஒருவனைப் பூங்கோதைக்கு மாலையிட விட முடியவில்லை. பிறப்பை வைத்து மனிதனை எடைபோடும் பழக்கம் படத்தின் கடைசி ரீலில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. மலைக்கள்ளனை மனமாரக் கொண்டாடுகிறவன் நான். அதனால்தான் இந்தக் குறையைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

*

ஒரே கதை, பல கள்ளர்கள்

ஸ்ரீராமுலு நாயுடு தமிழோடு நிற்கவில்லை. அதே கதையைத் தெலுங்கில் 'அக்கிராமுடு' என்று 1954-லேயே எடுத்தார். நாயகன் என்.டி.ராமராவ். 1955-இல் இந்தியில் 'ஆசாத்'. திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்தார்கள். வடநாட்டில் பெரிய வெற்றி. பிறகு மலையாளத்தில் சத்யன் நடிக்க 'தஸ்கரவீரன்', கன்னடத்தில் கல்யாண் குமார் நடிக்க 'பெட்டத கள்ள'. கோவையில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து புறப்பட்ட ஒரு கள்ளன், இந்தியாவின் பல மொழிகளில் குதிரையேறினான்.

தமிழில் அந்த வேடம் போட்டவர் 1977-இல் முதலமைச்சரானார். குதிரை மேல் பாடிய வாக்குறுதிகளில் ஒன்று, 1982 ஜூலையில், சத்துணவுத் திட்டமாக அவர் கையெழுத்தில் வந்தது. தெலுங்கில் அந்த வேடம் போட்டவர் 1983-இல் முதலமைச்சரானார்.

இந்தியில் போட்ட திலீப் குமார் நாடே போற்றிய நடிகர். ஆட்சிக் கட்டிலை மக்கள் அவருக்குக் காட்டவில்லை. சத்யனுக்கும் கல்யாண் குமாருக்கும் காட்டவில்லை.

கதை ஒன்று. தயாரித்து இயக்கிய கை ஒன்று. கள்ளன் செய்த தர்மமும் ஒன்று. பிறகு ஏன் இரண்டு மொழிக்காரர்கள் மட்டும் அந்தக் கள்ளனைத் திரையிலிருந்து இறக்கிக் கோட்டைக்கு அனுப்பினார்கள்? நடிகரிடம் இருந்த ஏதோ ஒன்றா, கட்சியிடம் இருந்த ஏதோ ஒன்றா, கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் இருந்த ஏதோ ஒன்றா?

1958-இல் எம்.ஜி.ஆர். தானே தயாரித்து, தானே இயக்கி, நாடோடியாகவும் மன்னனாகவும் இரட்டை வேடத்தில் வந்தார். இந்த முறை முகமூடி இல்லை. நாடோடி நேராக அரியணையில் உட்கார்ந்து சட்டம் இயற்றத் தொடங்கினான். அந்தச் சட்டங்கள் யாரைப் பார்த்து எழுதப்பட்டன?

(தொடரும்)